முதலில் தன் கன்னத்தில்

அக்காவின் இடது காதில் மூன்று துளைகள். வலது காதில் ஒன்றுதான். தோடு காதுக்கு ஒன்றாக இரண்டு. இடது காதில் மிச்சமிருக்கும் இரண்டு துளைகளிலும் வேப்பங்குச்சி செருகியிருப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எதுக்குக்கா இத்தினி ஓட்டை?" என்று கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது என்னுது. இது மூணாவது வூட்டுப் பாப்பாவுது. இது கோடி வூட்டுப் பாப்பாவுது."

விஷயம் இதுதான். அந்த இரண்டு குழந்தைகளும் வெவ்வேறு வருடங்களில், காது குத்த வந்த ஆசாரியைப் பார்த்துத் தெருவே அதிர அழுதிருக்கின்றன. வேடிக்கை பார்க்கப் போன அக்கா, இரண்டு முறையும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஆசாரி முன்னால் உட்கார்ந்து, "முதல்ல எனக்கு" என்றிருக்கிறாள். குத்தி முடிந்ததும் குழந்தையிடம் திரும்பி, "சுருக்குன்னு ஒரு தபா. அப்பால பத்து எண்ற வரைக்கும் சூடா இருக்கும். அவ்ளோதான். நீ எண்ணிப் பாரு" என்று தகவல் தந்திருக்கிறாள். கோடி வீட்டுக் குழந்தை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்பதிலேயே சூடு போய்விட்டதே என்று அக்காவிடம் சண்டைக்கு வந்ததாம்.

'வலிக்காது' என்ற வார்த்தையை அக்கா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஊசி போடுகிறவர், பல் பிடுங்குகிறவர், காலில் தைத்த முள்ளை எடுக்கிற சொந்த அம்மா என்று உலகத்தில் எல்லோரும் கூசாமல் சொல்லும் பொய் அது. அக்கா சொல்லமாட்டாள். எங்கே வலிக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நேரம் வலிக்கும் என்று சொல்வாள். தகவல் சரியாக இருக்க வேண்டுமே, அதற்காக முதலில் தனக்குச் செய்துகொள்வாள். காய்ச்சல் பரவிய வருடம் தெருப் பிள்ளைகளுக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்தபோது ஒரு டம்ளர் முழுவதையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "நாலு முழுங்கு கசக்கும். அஞ்சாவதுல நாக்கு மரத்துப் போயிடும்" என்றாள். எனக்குக் கண்வலி வந்தபோதும் அப்படித்தான். என் சொட்டு மருந்தை வாங்கி முதலில் தன் கண்ணில் விட்டுக்கொண்டு, "எரியுது, ஆனா குளுகுளுன்னு எரியுது" என்றாள். நாலாம் நாள் அவள் கண்ணும் கோவைப்பழம். என் அம்மா திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவளுடையது. பட்டுக் கடைக்காரர்கள் நெய்து முடித்த புடவைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். புடவையின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிச் சுத்தம் செய்வது அவள் வேலை. பிசிறோடு சேர்த்து ஓர் இழை அறுந்தாலும் புடவை போச்சு. அவள் கையில் அப்படி ஒரு புடவையும் போனதில்லை.

அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். கூட இருந்தது தம்பி ஒருவன்தான். முப்பது வயது ஆள். ஆனால் அவனிடம் இருந்த பேச்சு ஏழெட்டு வார்த்தைகள். அவற்றில் அதிகம் செலவானது 'நாளைக்கு'. பிடிக்காத எதற்கும் அவன் சொல்லும் மறுப்பு அதுதான். குளிக்கிறியா? நாளைக்கு. சட்டையை மாத்திக்கிறியா? நாளைக்கு. மற்றபடி ராட்டையின் முன்னால் உட்கார்ந்தால் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் தெருவில் நாலு தறிகளுக்கு வேண்டிய, குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குழல்களில் அவன்தான் சுற்றிக் கொடுத்தான். அவன் சுற்றிய குழலில் நூல் பாதியில் சிக்கியது என்று யாரும் சொன்னதில்லை.

அவன் தாடிதான் வீட்டின் தலைவலி. முடி திருத்தும் மெஷின் 'உர்'ரென்றால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்வான். கத்தரியின் 'கிளிக்' சத்தம் அதைவிட மோசம். கடையில் விற்கும் சாதாரண ரேஸரால் ஒருமுறை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள மழித்ததில், முகமெல்லாம் கொப்புளம் கிளம்பிச் சீழ் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், "முடி போற பக்கமா மட்டும் எடுக்கணும், அழுத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். சொல்வது சுலபம். கடைசியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அசந்து தூங்கும் நேரம் பார்த்து, புடவைக் கத்தரியால் அக்கா சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடுவாள். புடவையை அத்தனை அழகாக வெட்டுகிறவள் தம்பி தாடியை வெட்டினால் எலி கடித்தது போல் இருக்கும். ஓரிடத்தில் புதர், ஓரிடத்தில் பொட்டல், நடுவில் காய்ந்த புண்.

ஏகாம்பரநாதர் கோயில் பங்குனித் தேர் என்றால் அவனுக்கு உயிர். வருடா வருடம் ராஜ வீதிக்குப் போய் வடத்தைத் தொட்டுவிட்டு வருவான். ஒரு வருடம் அவன் முகத்தைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழ, குழந்தையின் அப்பா பயத்தில் அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டார். விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதன் பிறகு அவன் தெருவில் இறங்கவே இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்ததில் கோபம் வர ஆரம்பித்தது. ராட்டையைக்கூட ஒருநாள் எட்டி உதைத்தான்.

பொங்கலன்று அவர்களுடைய பெரியப்பா வந்தார். கெட்டவர் இல்லை. அப்பா இறந்த பிறகு அந்த வீட்டுக்கு எல்லாமும் செய்தவர். கரும்புக் கட்டை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார். நானும் என் அம்மாவும் அங்கேதான் இருந்தோம்.

"வெளியூர்ல ஒரு ஹோம் இருக்குதும்மா. பேசிட்டு வந்துட்டேன். நல்லாப் பாத்துக்கறாங்க. உனக்கும் வயசு முப்பத்தி நாலு ஆவுது. இவனை வெச்சிக்கினு நீ எத்தினி நாளு ஒண்டியா மல்லுக்கட்டுவே? தெருவுல புள்ளைங்க பயப்படுதுங்க. பங்குனித் தேரு முடியட்டும். மறுநாள் வண்டி கொண்டாறேன்."

அக்கா அழவில்லை. "புள்ளைங்க அவனைப் பாத்தா பயப்படுதுங்க? மூஞ்சப் பாத்துதானே பெரியப்பா? அதை நான் சரி பண்றேன். தேருக்கு இட்டுக்கினு வரேன். அப்பவும் பயந்தாங்கன்னா நீங்க சொல்றபடி செய்யுங்க" என்றாள்.

எப்படிச் சரி செய்யப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அடுத்த வாரம் பழைய பேப்பரைப் போடக் காயலான் கடைக்குப் போனவள், வெகுநாள் கழித்துத் தம்பியையும் தலையில் துண்டு போர்த்தி அழைத்துப் போனாள். அங்கே துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவிலிருந்து அவன் ஒன்றை எடுத்தான். கொம்புப் பிடி போட்ட மடக்குச் சவரக் கத்தி. அந்தக் காலத்தில் சவரத்துக்கு வைத்திருந்தார்களே, நீளமாக, முழு வெட்டுவாயும் தெரிய, அதேதான். திறந்தான், மடக்கினான், திறந்தான். கையிலிருந்து வாங்க முடியவில்லை. பேப்பருக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிட்டார் கடைக்காரர்.

அன்று மாலை எதிர் வீட்டிலிருந்து, "எப்பா, ஓடியா! ஓடியா!" என்று குரல் வந்தது. கழுத்தை அறுத்துக்கொண்டானோ என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அவன் சுவரோரம் உட்கார்ந்து, அந்தக் கத்தியைத் தன் கன்னத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தான். மொட்டைக் கத்தி, ஒரு முடிகூட அறுபடவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா? தானே வெச்சிக்கினான். சத்தம் இல்ல பாரு, அதான்."

"அக்கா, இது சவரம் பண்ற கத்திக்கா. தீட்டினா தொண்டையே போயிடும்."

"தெரியுது. கத்துக்கறேன்."

நான் அப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருபத்து நாலு வயது. என்னுடைய ஒரே தகுதி, கையில் ஒரு நல்ல போன். அதில் எந்த நாட்டுக்காரரோ நரைத்த மீசைக்காரர் ஒருவர் அந்த மாதிரிக் கத்தியால் மழித்துக்கொள்ளும் வீடியோவைத் தேடிக் கொடுத்தேன். பேசும் பாஷை புரியவில்லையே என்றேன். "அவரு வாயி எனக்கு எதுக்கு? கையைப் பாத்தா போதும்" என்று சத்தத்தை அணைத்துவிட்டு முப்பது தடவை பார்த்தாள். பிறகு சாணைக்கல் ஒன்று வாங்கி, இரண்டு வாரம் அந்தக் கத்தியை இழைத்தாள். துரு போய், உள்ளே இருந்து வெள்ளையாய் ஒரு கத்தி வந்தது. கடைசியாகத் தோல் பட்டையில் தேய்க்க வேண்டும் என்று தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பெல்ட்டைக் கழட்டுப்பா."

"வேலைக்குப் போவணும்க்கா!"

"கயிறு தரேன்."

ஜன்னல் கம்பியில் என் பெல்ட் தொங்கியது. பட்டையில் தேய்க்கும்போது கத்தியின் முதுகு முன்னால் போக, வெட்டுவாய் பின்னால் வர வேண்டும். அக்கா முதல் நாள் மாற்றிப் போட்டாள். பெல்ட்டில் ஒரு சீவு. புதுப் பெல்ட். சொன்னால் அவள் நிறுத்தவா போகிறாள்?

கத்தி தீட்டியாயிற்று என்று முடிவு செய்ய வீடியோக்காரர் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கித் தொங்கவிட்டுத் தொட்டுப் பார்த்தார். அக்கா நம் ஊர்க்காரி அல்லவா, பட்டில் ஒற்றை இழையைப் பிரித்துத் தொங்கவிட்டாள். கத்தி பட்டதும் இழை இரண்டாகி விழுந்தது. "ஆச்சு" என்று அறிவித்துவிட்டாள். பட்டு இழை தலைவணங்கும் கத்திக்குத் தாடி வணங்காது என்பது பின்னால் என் கன்னத்தில்தான் நிரூபணமானது.

தம்பியிடம் கத்தியைக் கொடுக்கும் முன் அவன் முன்னால் உட்கார்ந்து, "இப்ப இது வெட்டும். பாரு" என்று தன் கட்டைவிரல் நுனியில் வைத்தாள். ஒரு சொட்டு ரத்தம். அவன் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் கத்தியைத் தானாகத் திறக்கவே இல்லை. காலையில் அக்கா பீரோவிலிருந்து எடுத்துத் தந்தால், மடக்கியபடியே இரண்டு கையாலும் கற்பூரத் தட்டு மாதிரி ஏந்தி வந்து அவள் முன்னால் வைப்பான்.

முதலில் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. இடது முன்கை வழுவழுப்பானது. பிறகு வலது. மூன்றாம் வாரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் கன்னத்தில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, தாடியே இல்லாத முகத்தில் தினமும் காலையில் சவரம். என் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பொம்பள மூஞ்சில கத்தி வெச்சா தாடி மொளைக்கும்டி! யார்டீ உன்னைக் கட்டுவான்?"

"மொளைச்சா நல்லதுக்கா. பழகறதுக்கு ஆவும்" என்றாள் அக்கா.

அம்மாவின் வயிற்றெரிச்சல் வீண் போகவில்லை. மாசி மாதத்தில் ஒரு வரன் வந்தது. செவிலிமேட்டில் சொந்த வீடு, மனைவியை இழந்தவர், அமைதியான மனிதர். பெரியப்பா கொண்டுவந்த இடம். அன்று காலைதான் அக்கா மோவாயில் கத்தியைச் சாய்த்துப் பிடிப்பதற்குப் பதில் நிமிர்த்திப் பிடித்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பட்டுப் புடவையும் மோவாயில் பிளாஸ்திரியுமாகப் போய் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாமா அடி?" என்று கேட்டார். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் அம்மா பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாளாம்.

"ஷேவ் பண்ணிக்கினேங்க" என்றாள் அக்கா.

"தாடி வருதா உனக்கு?"

"இல்லீங்க. தம்பிக்குப் பண்றதுக்குக் கத்துக்கினு இருக்கறேன்."

கொடுத்த காபி ஆடை படிந்துபோய் அப்படியே இருந்தது. பெரியப்பா அன்று அவளோடு பேசாமல் போனார். எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் கோபம் கோபமாக வந்தது. அக்காவிடம் போய், "பொய் சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். நூல் பிசிறு வெட்டிக்கொண்டே, நிமிராமல், "கஷ்டமாத்தான் இருக்குது. ரெண்டு நாளு இருக்கும்" என்றாள். மூன்று நாள் இருந்தது. அவள் தகவல் தப்பாகி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் முறை. வழுவழுப்பான முகத்தில் எவ்வளவு பழகினாலும் தாடி தாடிதான் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. தெருவில் இளிச்சவாயன் யார் என்று தேடினால் எதிர் வீட்டில் நான். ஐந்து நாள் தாடியோடு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுடுதண்ணீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டாள். நுரை பூசினாள். "காதோரத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன். முதல் இழுப்பு சும்மா. ரெண்டாவது கொஞ்சம் புடுங்கும்" என்றாள்.

கன்னம் வரை பரவாயில்லை, பட்டு இழைக் கணக்கில் தீட்டிய கத்தி பிடுங்கியது, பொறுத்துக்கொண்டேன். கழுத்துக்கு வந்ததும் நெருப்பை வைத்து இழுத்த மாதிரி இருந்தது. "அய்யோ!" என்று கத்திவிட்டேன். அவள் கத்தியை எடுத்துவிட்டு, புறங்கையால் என் கழுத்தை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தடவினாள். முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

"இது புடவை மாதிரி இல்லபா."

அதுதான் அவள் செய்த தப்பு. பட்டில் விரலை ஓட்டினால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் தடுக்கும். முந்தானையிலிருந்து உடம்பு வரை முழுக்க அந்தத் திசைதான். பதினைந்து வருடம் அந்தத் துணியைத் தடவிய கை, மனிதன் முகமும் மேலிருந்து கீழே ஒரே திசையில் நெய்யப்பட்டது என்று நம்பியிருக்கிறது. ஆனால் என் கழுத்தில் முடி கீழிருந்து மேலே வளர்ந்திருந்தது. தாடைக்கடியில் பக்கவாட்டில் ஓடியது. தம்பிக்குக் கொப்புளம் வந்தது ஏன் என்று அவளுக்கு அந்த நிமிடம் புரிந்தது.

பாதி முகத்தோடு என்னை உட்கார வைத்துவிட்டு, ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தாள். புடவையில் அன்னமும் மயிலும் நெய்வதற்கு டிசைன் வரைவார்களே, அந்தத் தாள். அதில் என் முகத்தை வரைந்து, கட்டம் கட்டமாகத் தொட்டுப் பார்த்து அம்புக்குறி போட்டாள். "உன் தொண்டைக்கு எடது பக்கம் ஒரு சுழி இருக்குதுபா. பொறந்ததுலேர்ந்து உங்கம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது." ஒரு மணி நேரம் ஆயிற்று. முகத்தில் பாதி காய்ந்த சோப்போடு ஒரு பட்டுப் புடவை ஆவது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அம்பு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

"அவனுக்கு ஏழு வயசு. காதோரம் முடி வெட்டணும். நான்தான் மடியில வெச்சி புடிச்சிக்கினு இருந்தேன். ஒண்ணும் வலிக்காதுடா கண்ணு, ஆட்டாதேன்னு சொன்னேன். எனக்கு இன்னா தெரியும், எனக்கே பதினொண்ணு. கத்தரி காதைக் கிழிச்சிடுச்சி. அவன் அழுவலபா. என்னைத் திரும்பிப் பாத்தான். அதுக்கப்புறம் நான் எதைக் கொண்டாந்தாலும் நாளைக்குன்றான்."

தாளில் இன்னொரு அம்பு போட்டாள். "அவன் பாக்கற மாதிரி எல்லாத்தையும் நான் முதல்ல பண்ணிக்கறேன். இருவத்தி மூணு வருசமாப் பண்றேன். அவன் நம்பணுமில்ல."

மறுநாள் மூன்று பிளாஸ்திரியோடு வேலைக்குப் போனேன். கம்பெனிப் பஸ்ஸில் எல்லோரும் பூனையா, பெண்ணா என்று கேட்டார்கள். கயிறு கட்டிய பேண்டோடு எந்தப் பெண் என்னைப் பிறாண்டப் போகிறாள்? ஆனால் நான் அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். நாலாவது ஞாயிறு ஒரு கீறல்கூட இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக என் முகம் இருந்ததில்லை.

தம்பியின் முகத்துக்கும் ஒரு தாள் தயாரானது. மதியத் தூக்கத்தில் புறங்கையால் தொட்டுத் தொட்டு வரைந்தது. எல்லாம் தயார். ஆனால் நுரைத் தட்டோடு அவன் பக்கம் போனால் ஒரே பதில், "நாளைக்கு." தேருக்கு ஒரு வாரம். நாளைக்கு. மூன்று நாள். நாளைக்கு. தேருக்கு முதல் நாள் அக்கா கழுவிய சோற்றுத் தட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பெரியப்பா வண்டிக்குச் சொல்லிவிட்டதாகச் சேதி வந்திருந்தது.

தேர் அன்று காலை ஆறு மணி. உதவிக்கு என்று நான் போயிருந்தேன், எதற்கு என்று தெரியாமல். அவன் வழக்கம்போல் மடக்கிய கத்தியை ஏந்திவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அக்கா கண்ணாடியை நிமிர்த்தினாள். தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுச் சலித்துவிட்டாள் போலிருக்கிறது. கிண்ணத்தில் நுரையைக் கலக்கி, தினமும் செய்வது போல் பிரஷ்ஷைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"முதல்ல எனக்கு" என்றான்.

அந்த ஏழெட்டு வார்த்தைகளில் இது எப்போது சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா பிரஷ்ஷை அவன் கன்னத்துக்குத் திருப்பினாள். "சரிப்பா. முதல்ல உனக்கு. காதோரத்துலேர்ந்து வரேன். முதல் இழுப்பு கொஞ்சம் புடுங்கும்" என்றாள். குரல் அழுதது, கை அழவில்லை. நான் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்பு காட்டிய பக்கமெல்லாம் கத்தி போனது. வலது கன்னம் முழுக்க முடிந்து, அத்தனை வருடம் ஒளிந்திருந்த ஒரு மச்சம் வெளியே வந்தது. அக்கா இடது பக்கத்துக்கு நகர்ந்தாள். அவன் எழுந்து நின்றான்.

"நாளைக்கு."

எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கோயில் தூண் போல் வழுவழுப்பு, மறுபக்கம் அதே எலி கடித்த தாடி. அக்கா அவன் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "பாதியாவது ஆச்சே. கெளம்பு. நான் எடது பக்கமா வரேன்" என்றாள்.

அப்படித்தான் ராஜ வீதிக்குப் போனோம். அவனுக்கு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு அக்கா, பின்னால் நான். கூட்டம் நெருக்கியது. அவன் வடத்தைப் பார்த்ததும் எங்களை இழுத்துக்கொண்டு போனான். வடத்தருகே முண்டிக்கொண்டிருந்த ஒருவர் இவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் அந்தாண்ட நவுந்து புடிங்க சார்" என்றார் அவர். சொல்லிவிட்டு வடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சார்னாருபா. கேட்டியா? நவுந்து புடிங்க சார்னாரு."

தேர் நகர்ந்தது. அவன் வடத்தை விடாமல் ஒரு தெரு முழுக்க நடந்தான். முனையில் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். வலப்பக்கத்திலிருந்து அவனைப் பார்த்தவர் இரண்டடி முன்னால் வந்தார். அந்த மச்சத்தையே பார்த்தார். செத்துப்போன தன் தம்பியின், அதாவது இவன் அப்பாவின், சாயல் தெரிந்ததோ என்னவோ, அவர் உதடு துடித்தது. அப்போது அவன் அவரைப் பார்க்க முழு முகத்தையும் திருப்பினான். பெரியப்பா திடுக்கிட்டு, அவன் இடது கன்னத்தைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"இன்னாடா இது? மீதி எப்ப?"

"நாளைக்கு" என்றான் அவன்.

அத்தனை வருடத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு யாரும் சந்தோஷப்பட்டதில்லை. அக்கா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தேர் மேளத்துக்கு மேலே கத்தினார்: "நாளைக்கு வண்டி வாணாம்பா! ஆமா, வாணாம். அவனுக்கு இங்க வேல இருக்குது."

பிறகு எனக்கு ஓசூரில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, அங்கேயே தங்கிவிட்டேன். போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது எதிர் வீட்டில் ராட்டைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் என் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது, நடுவில் தேய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று. திருப்பிக் கேட்கலாம் என்றுதான் போனேன், கேட்கவில்லை.